வலது பக்கப் பெஞ்சுகளின் ஆங்கிலம்

எங்கள் தோட்டப் பாடசாலையின் ஆங்கில அறைக்கு என் பெயரை வைப்பதாக இருந்தார்கள். பலகைகூட எழுதி முடிந்திருந்தது. பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். என்னிடம் படித்தவர்கள் சிலர் இன்னும் வீட்டுக்கு வந்து, "ஒரு வார்த்த சொல்லிருங்க சேர், எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லப்போவதில்லை. ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன். நான் செய்ததைச் சொல்லாமல் அது விளங்காது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பாடசாலையில் நான் ஆங்கில ஆசிரியனாக இருந்தேன். சேர்ந்ததும் அங்கேதான், ஓய்வு பெற்றதும் அங்கேதான். பிள்ளைகளின் தாய் தகப்பன் இருட்டோடு எழுந்து ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போகிறவர்கள். குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் தமிழ் பேசினார்கள், கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் சிங்களம் பேசினார்கள். இரண்டையும் அவர்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆங்கிலம் மட்டும் என் வாயிலிருந்து போனது. வேறு வழியாக அது அந்தத் தோட்டத்துக்குள் வரவில்லை. ஆகவே அந்தப் பிள்ளைகளின் ஆங்கிலம் குனிந்து நின்றால், குனிய வைத்தவன் நான்தான்.

சாதாரண தரப் பரீட்சையில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். சொந்தமாக எழுதக்கூடியவர்கள் குறைவு. நானே மாதிரிக் கட்டுரை ஒன்றை எழுதி, வரிவரியாகச் சொல்லிக் கொடுத்து, மனப்பாடம் செய்ய வைப்பேன். சுற்று வட்டாரத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தோம். ஒரு வருடம், எங்கள் பிள்ளைகளின் விடைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன, பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. பயந்துபோனேன். அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டு மாதிரி தயாரித்தேன்.

இரண்டு மாதிரி என்றால் வகுப்பையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. வகுப்பு ஏற்கெனவே பிரிந்துதான் இருந்தது. இடது பக்கப் பெஞ்சுகளில் பையன்கள், வலது பக்கப் பெஞ்சுகளில் பெண்பிள்ளைகள், நடுவில் நான் நடக்கிற வழி. இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. முடிந்தது வேலை.

ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டுமே. அங்கேதான் என் கை தானாக ஓடியது. 'என் இலட்சியம்' என்ற கட்டுரையைப் பையன்களுக்கு இப்படித் தொடங்கினேன்: நான் பொறியியலாளன் ஆவேன், ஆறுகளின் மேல் பாலம் கட்டுவேன். பெண்பிள்ளைகளுக்கு: கடவுளின் அருளும் பெற்றோரின் அனுமதியும் கிடைத்தால், ஒருவேளை நான் ஓர் ஆசிரியையாகலாம் என்று நினைக்கிறேன். பையன்களின் கட்டுரை பாலத்தோடு முடியும். பெண்பிள்ளைகளின் கட்டுரைக்கு இன்னொரு வரி உண்டு: 'என் சிற்றறிவுக்கு எட்டியதை எழுதியிருக்கிறேன், பிழை இருப்பின் அன்புகூர்ந்து மன்னிக்கவும்.' அந்த வரி ஆங்கிலத்தில் அழகாக அமைந்திருந்தது. எனக்கு அதில் பெருமை. எந்தத் தலைப்பானாலும் வலது பக்கத்துக்கு அதையே கடைசி வரியாக வைத்தேன். மழைக்காலம் பற்றி எழுதினாலும் மன்னிப்பு, பசு மாட்டைப் பற்றி எழுதினாலும் மன்னிப்பு.

பிள்ளைகள் பரீட்சையில் சித்தியடைந்தார்கள். பக்கத்துப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் வந்து மாதிரிகளைக் கேட்டு வாங்கிப் போனார்கள். என்னிடம் படித்தவர்களில் சிலர் ஆங்கில ஆசிரியர்களானார்கள். அவர்களில் ஒருவர்தான் நான் விட்டுப்போன அதே வகுப்பில் இன்று பாடம் நடத்துகிறார். 'சேருடைய மாதிரி' என்று அதற்கு ஒரு பெயரே இருந்தது. அந்தப் பெயரை நான் விரும்பிக் கேட்டேன்.

போன வருடம் ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்தாள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், ஆங்கிலத்தை விசேட பாடமாக எடுத்தவள். கடைத்தெருவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற அம்மாவின் மகள். அந்த அம்மா என்னிடம் படித்தவர். மகளை எங்கள் பாடசாலைக்கு அனுப்பாமல் அவிசாவளையில் படிக்க வைத்திருந்தார்.

"அம்மாதான் சேர் ஒங்களப் பாக்கச் சொன்னாங்க. 'ஏன்னு அந்தச் சேருக்குத்தான் தெரியும், போய்க் கேளு'ன்னாங்க."

"எதை ஏன் என்று?"

அவளுடைய ஆய்வு, ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்களிடையே ஆணும் பெண்ணும் மொழியைக் கையாளும் வித்தியாசம் பற்றியது. எங்கள் பாடசாலையிலும் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள் சிலவற்றிலும் தரம் பத்துப் பிள்ளைகளிடம் 'என் இலட்சியம்' எழுதி வாங்கியிருந்தாள். வித்தியாசம் பளிச்சென்று இருந்தது. பையன்கள் 'செய்வேன்' என்கிறார்கள், பெண்பிள்ளைகள் 'செய்யலாம் என்று நினைக்கிறேன்' என்கிறார்கள். பெண்பிள்ளைகள் எதைச் சொன்னாலும் அனுமதி கேட்கிறார்கள், மன்னிப்புக் கேட்கிறார்கள். எல்லாப் பாடசாலைகளிலும் அப்படியே. அவளுடைய விரிவுரையாளருக்கு மிகுந்த மகிழ்ச்சியாம். இவ்வளவு தெளிவான முடிவு லேசில் கிடைக்காதாம்.

"ஒண்ணு வாசிக்கிறேன் கேளுங்க சேர்" என்று ஒரு கட்டுரையை வாசித்தாள். கடவுளின் அருள் வந்தது. பெற்றோரின் அனுமதி வந்தது. கடைசியில் அந்த வரி வந்தது. கை மாறிக் கை மாறி இரண்டொரு சொல் தேய்ந்திருந்தது. ஆனாலும் பெற்றவனுக்குப் பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா?

நான் வாயைத் திறக்கவில்லை. அதைவிட மோசம், பிறகு திறந்தேன். "இது இயல்புதானே மகள். பெண்பிள்ளைகளுக்குப் பணிவு பிறவியிலேயே வருவது. எழுத்திலும் அது தெரியத்தானே செய்யும்" என்றேன். நீண்ட காலம் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் அனுபவம் என்று அதையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். சேர்த்துக்கொள் என்றேன். பிளேன்டீ குடித்துவிட்டு, என்னை வணங்கிவிட்டுப் போனாள். இந்தப் பொய்யை நான் இளம் வயதில் சொல்லவில்லை. நரைத்த தலையோடு, நன்றாகத் தெரிந்துகொண்டே சொன்னேன்.

சில நாள் கழித்து வீட்டுக் குழாய் ஒழுகத் தொடங்கியது. அந்த அம்மாவின் ஹாட்வெயாருக்குத்தான் போனேன். போகவேண்டாம் என்று கால் சொன்னது. மற்றக் கடை பூட்டியிருந்தது.

கித்துல்கலைக்கு ஆற்றில் ஓடம் விடப் போகிற வெளிநாட்டுக்காரர்களின் வேன்கள் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். தண்ணீர்ப் போத்தல் வாங்க நிறுத்துவார்கள், கடை வாசல் அடைபட்டுவிடும். அதற்காக அந்த அம்மா மூன்று மொழியில் ஒரு பலகை வைத்திருந்தார். பலமுறை அதைக் கடந்து போயிருக்கிறேன். அன்றுதான் வாசித்தேன். சிங்களத்தில், இங்கே வாகனம் நிறுத்த வேண்டாம் என்று இருந்தது. தமிழில், 'வாசலில் வண்டியை நிறுத்தாதே' என்று இன்னும் காட்டமாக இருந்தது. ஆங்கிலத்தில் மட்டும், வாகனங்களைத் தயவுசெய்து, இயலுமானால், சற்றுத் தள்ளி நிறுத்துமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம், சிரமத்துக்கு அன்புகூர்ந்து மன்னிக்கவும் என்று நான்கு வரி.

நான் வாசித்துக்கொண்டிருந்தபோதே ஒரு சீமெந்து லொறி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து அந்த அம்மா பாய்ந்து வந்து, தம்பி, எடு இதை என்று சிங்களத்தில் கத்தினார். "ஏய் மல்லி! அயின் கரன்ன ஓக்க! இது என்னா ஒங்க தாத்தாட காணியா?" சாரதி சிரித்துக்கொண்டே லொறியை நகர்த்தினான். திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"வாங்க சேர். போர்ட வாசிக்கிறீங்களா?"

"இங்கிலீஷ் மட்டும் ஏன் இவ்வளவு நீளம்?" என்று கேட்டேன். சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன்.

"அது ஒங்க இங்கிலீசு சேர். எனக்குத் தமிழ்ல சண்ட போடத் தெரியும். சிங்களத்துல தெரியும். இங்கிலீசுல பேனாவ எடுத்தாக் கை தானா கும்புடுது. கொழும்புல டைல்ஸ் கம்பெனி ஒடஞ்ச பெட்டியா அனுப்பிச்சான். அவன் மேல கோவத்துல ஈமெயில் எழுத ஒக்காந்தேன். எழுதி முடிச்சுப் பாத்தா, நான்தான் மன்னிப்புக் கேட்டிருக்கேன்."

கடைப் பெண் ஒருத்தி சிரித்தாள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"என் மகள அனுப்பினேன்ல, என்னா சொன்னீங்க?"

சொன்னேன். பிறவிக் குணம் என்று சொன்னதையும் சொன்னேன்.

குழாய்க்கு உரிய வளையத்தைத் தேடிக்கொண்டிருந்த அவருடைய கை நின்றது. "பெரிய துரைய மறந்துட்டீங்களா சேர்?" என்றார்.

மறந்துதான் போயிருந்தேன். அவர் கேட்டதும் முழுதாக வந்து நின்றது. 'என் இலட்சியம்' எழுதச் சொன்ன ஒரு நாள், வலது பக்கப் பெஞ்சில் ஒருத்தி மட்டும் என் மாதிரியை எழுதவில்லை. சொந்தமாக எழுதியிருந்தாள். நான் இந்தத் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை ஆவேன். ஜீப்பில் போவேன். மழை பெய்தால் கணக்கப்பிள்ளை எனக்குக் குடை பிடிப்பார். முதல் உத்தரவாக எல்லா லயத்துக்கும் தண்ணீர்க் குழாய் போடச் சொல்வேன். ஆங்கிலம் நொண்டியது, ஆனால் தன் காலில் நடந்தது. நான் அதை வகுப்புக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். இடது பக்கத்திலிருந்து ஒருவன் எழுந்து, "பெரிய தொரைக்குச் சலாம்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "பொம்பளப் பிள்ளை இப்படியா எழுதுறது? இங்கிலீஷிலும் அடக்கம் வேணும்" என்று சொல்லி, குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, என் மாதிரியை எழுத வைத்தேன். கடைசி வரியோடு.

"அன்னைக்கு ஒங்ககிட்ட மன்னிப்பு எழுதினேன் சேர்" என்றார். "அதுக்கப்பறம் நிக்கவே இல்ல. அதான் என் மகள ஒங்க ஸ்கூலுக்கு அனுப்பல. இப்ப அவ பெரிய படிப்புப் படிச்சிட்டு வந்து, பொம்பளப் புள்ளைங்க பொறக்கும்போதே இப்பிடித்தான்னு எழுதப்போறா. நான் சொன்னா, அம்மா பழச நெனச்சுப் பொலம்புறான்னு நெனப்பா. நீங்க சொல்லுங்க. அடுத்த வாரம் குடுக்கப்போறா."

வளையத்துக்குக் காசு வாங்கிக்கொண்டார். சும்மா தந்திருந்தால் எனக்கு இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரமே அந்தப் பிள்ளையை வீட்டுக்கு வரச் சொன்னேன். மாதிரிகளின் கதை முழுவதையும் சொன்னேன். பிறகு எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"இத மொதல் நாளே சொல்லியிருக்கலாமே சேர். நான் எழுதி முடிச்சிட்டேன். இதுல தான் என் டிகிரிக்குக் கிளாஸ் வரணும். இப்ப என்னா செய்ய? எல்லாம் பொய்யின்னு லெக்சரர்கிட்ட போய் நிக்கவா?"

"பொய் நான் சொன்னது. என் பெயரைப் போட்டு எழுது."

"ஒங்க பேரப் போட்டா ஆதாரம் ஆயிடுமா? நீங்க வயசாளி, ஏதோ நெனச்சிச் சொல்றீங்கன்னுவாங்க."

அவள் சொன்னது சரி. யோசித்துப் பார்த்தேன். நான் மாதிரி செய்யாத தலைப்பு ஒன்றைக் கொடுத்து, அதே பிள்ளைகளை எழுத வைத்தால் என்ன என்று கேட்டேன். "கேம்பஸ்ல டைம் கேட்டுப் பாக்கிறேன்" என்றாள். அவளுக்கு அவகாசம் கிடைத்தது, விரிவுரையாளரின் முகச்சுளிப்போடு.

பாடசாலையில் என் பழைய மாணவரான ஆசிரியர் எங்களை வரவேற்று உட்கார வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

"சேர், அது எதுக்கு இப்ப? பழைய மாணவர் சங்கத்துல ஒங்க பேர்ல ரூம் தெறக்கப்போறோம். போர்ட் ஓடர் குடுத்தாச்சு. நீங்களே வந்து நீங்க படிப்பிச்சது பிழைன்னா, நாங்க என்னா செய்ய? நாங்களும் அதத்தானே படிப்பிக்கிறோம்."

"அதனால்தான் வந்தேன்."

"அது அந்தக் காலம் சேர். எல்லாரும் அப்பிடித்தான். ஒங்கள ஆரு குத்தம் சொன்னா?"

"யாரும் சொல்லவில்லை. அதுதான் குற்றம்."

அவர் என்னை மறுத்துப் பேசிப் பழகாதவர். அந்தப் பழக்கத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்புக்குள் போனேன். அதே நடைவழி. இடது பக்கம் பையன்கள், வலது பக்கம் பெண்பிள்ளைகள்.

தலைப்பை அந்தப் பிள்ளையே யோசித்திருந்தாள். மழை நாட்களில் பாடசாலை விடும் நேரத்துப் பஸ், தோட்டச் சந்தியில் நிற்காமல் போய்விடுகிறது. சாரதிக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்றாள்.

"மிஸ், டிரைவருக்கு இங்கிலீசு தெரியாதே!" என்றான் ஒரு பையன்.

"தெரியாதது நல்லதுடா, இஷ்டத்துக்கு ஏசலாம்" என்றாள் வலது பக்கத்தில் ஒருத்தி. இரண்டு பக்கமும் சிரிப்பு.

எழுதத் தொடங்கினார்கள். மாதிரி இல்லாததால் முதலில் தவித்தார்கள். பேனாவைக் கடித்தார்கள். பிறகு அந்தப் பஸ்ஸின் கோபம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. ஏசலாம் என்று சொன்னவளின் தாளை நான் நின்று வாசித்தேன். 'நீ எங்களைக் கண்டாய். நீ கண்டதை நாங்களும் கண்டோம். நாளைக்கு நாங்கள் ரோட்டின் நடுவில் நிற்போம்.' அதில் ஒருவேளை இல்லை, அனுமதி இல்லை. இடது பக்கம் ஒரு பையன், அதே பஸ்ஸுக்கு நிற்கும் தன் அம்மாவுக்கு முழங்கால் நோவு என்றும், தயவுசெய்து ஒரு நிமிடம் நிறுத்த முடியுமா என்றும் கெஞ்சி எழுதியிருந்தான். அவனுக்குக் கெஞ்ச யார் சொல்லிக் கொடுத்தார்கள்? முழங்கால் சொல்லிக் கொடுத்தது.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் காரசாரமாக எழுதிவிட்டுக் கடைசியில் மன்னிப்பு வரியை ஒட்டியிருந்தார்கள். மழையில் நனையவிட்டுப் போனவனிடம் மன்னிப்பு! ஒருத்தி எழுந்து, "சேர், கடைசி வரி போடணுமா?" என்று கேட்டாள். அவளுடைய ஆசிரியர் வாயெடுப்பதற்கு முன், "நீ அவனுக்கு என்ன செய்தாய், மன்னிப்புக் கேட்க?" என்றேன். "ஒண்ணும் செய்யல" என்றாள். உட்கார்ந்து, எழுதியிருந்த வரியைத் தானே கோடு போட்டு வெட்டினாள்.

ஆய்வு மாறியது. வித்தியாசம் தலைப்போடு மாறுகிறது, சொல்லிக் கொடுத்தவனோடு மாறுகிறது, பிறப்போடு வந்ததாகச் சொல்ல முடியாது என்று எழுதினாள். என் முதல் வாக்குமூலத்தையும் இரண்டாவதையும் அடுத்தடுத்து வைத்தாள். முடிவு முன்போலப் பளிச்சென்று இல்லை என்று விரிவுரையாளர் குறைபட்டாராம். பட்டத்தில் எதிர்பார்த்த வகுப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை, ஒரு படி கீழேதான் கிடைத்தது. அதற்கும் நான் பொறுப்பு. என்னிடம் வந்து சொன்னபோது, "வருத்தமா?" என்று கேட்டேன்.

"கோவம் சேர். ஒங்க மேல. எழுதினது மேல இல்ல" என்றாள். அந்தக் கோபம் அவளிடம் இருக்கட்டும். அதை அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

ஆய்வு விஷயம் சங்கத்துக்குத் தெரிந்தது. என் பழைய மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். நல்ல பிள்ளைகள். வரும்போது பழம் வாங்கி வந்தார்கள். நான் ஏதோ ஞாபகப் பிசகில் சொல்லிவிட்டதாக ஒரு வார்த்தை எழுதித் தந்தால் போதும், அறையைத் திறந்துவிடலாம் என்றார்கள்.

"எனக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது. அதுதான் என் கஷ்டம்" என்றேன்.

"எங்களுக்கு நீங்க நல்லதுதானே சேர் செஞ்சீங்க. ஒங்களாலதான் நாங்க பாஸானோம்."

"நீங்கள் எல்லோரும் இடது பக்கப் பெஞ்சு" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர்களில் ஒரு பெண்ணும் இல்லை என்பதை அப்போதுதான் அவர்கள் கவனித்திருக்க வேண்டும். பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். நான் எழுதித் தரவில்லை. எழுதித் தரவும் மாட்டேன். பிள்ளைகளுக்குச் செய்த தீங்கைவிட என் பெயர் பெரிதில்லை. அந்த அறைக்கு வேறு பெயர் வைக்கட்டும், வைக்காமலும் இருக்கட்டும். ஆனால் அதற்குள் இன்னும் வலது பக்கத்துக்கு ஒரு கட்டுரையும் இடது பக்கத்துக்கு ஒரு கட்டுரையும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கால் நடக்கும்வரை அந்தப் பாடசாலை வாசலில் போய் நின்று, அதை நிறுத்தச் சொல்லிக் கேட்பேன். போன மாதமும் போனேன். காவலாளி கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்று கேட்டேன்.

என் பெயர்ப் பலகை செய்யக் கொடுத்திருந்தது அந்த அம்மாவின் ஹாட்வெயாரில்தான். யாரும் எடுத்துப்போக வரவில்லை. அண்மையில் அந்தப் பக்கம் போனபோது கூப்பிட்டார்.

"சேர், ஒங்க போர்ட் எடத்த அடச்சிக்கிட்டுக் கெடக்கு. நல்ல பலக. என்னா செய்ய?"

"உங்களுக்கு வேண்டியதைச் செய்யுங்கள்."

"செஞ்சிட்டேன்" என்றார்.

வாசலில் பழைய பலகையின் இடத்தில் என் பலகை தொங்கியது. என் பெயர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. தெருவைப் பார்த்த பக்கத்தில் சிங்களத்திலும் தமிழிலும் முன்பிருந்த அதே வாசகங்கள். ஆங்கிலம் இம்முறை ஒரே வரி: வாசலில் நிறுத்தாதே.

நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. உள்ளேயிருந்த வெள்ளைக்காரர் பலகையை வாசித்தார், சாரதியின் தோளைத் தட்டினார். வேன் நகர்ந்தது.